உடன்பிறந்த இருவர், பழைய ராக் அண்ட் ரோல்: முதலில் எந்த ஆல்பம்?

உடன்பிறந்த இரண்டு பேர் பாடவேண்டும், பாணி பழைய ராக் அண்ட் ரோலாக இருக்கவேண்டும், அதற்கு அடியில் கன்ட்ரியோ புளூஸோ அமெரிக்க நாட்டுப்பாட்டோ ஓடிக்கொண்டிருக்கவேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ஆல்பம் ஒன்றே ஒன்று வாங்கி உட்கார்ந்து முழுசாகக் கேட்கவேண்டும் என்றால் எதில் தொடங்குவது? நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை கொஞ்சம் பொறுமையாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

என் பட்டியலில் ஐந்து பெயர்கள். டான், ஃபில் என்ற அமெரிக்க அண்ணன் தம்பி, அதாவது எவர்லி பிரதர்ஸ், போட்டதில் இரண்டு: 1958இல் வந்த 'சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்', 1968இல் வந்த 'ரூட்ஸ்'. கலிஃபோர்னியாக்காரர்களான டேவ் ஆல்வினும் ஃபில் ஆல்வினும் 2014இல் சேர்ந்து போட்ட 'காமன் கிரவுண்ட்'. அலபாமாவின் சீக்ரெட் சிஸ்டர்ஸ், அதாவது லாரா, லிடியா ராஜர்ஸ் என்ற அக்கா தங்கை, 2010இல் தங்கள் பெயரிலேயே போட்ட முதல் ஆல்பம். அப்புறம் மினியாபொலிஸ் நகரத்துச் சகோதரர்கள் ஜாக் டோரியும் பேஜ் பர்க்கமும் காக்டஸ் பிளாஸம்ஸ் என்ற பெயரில் பாடிய 'யூ ஆர் டிரீமிங்', 2016.

விட்டுப்போனவர்கள் பற்றி யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். லண்டனின் கிட்டி, டெய்ஸி அண்ட் லூயிஸ் அருமையான ஆட்கள்தான், ஆனால் மூன்று பேர். லூவின் பிரதர்ஸ் இல்லாமல் எவர்லிகளே இல்லை, ஆனால் அவர்கள் பாடியது சுத்தமான கன்ட்ரி, ராக் அண்ட் ரோல் என்று சொல்ல மனசு வரவில்லை. காலின்ஸ் கிட்ஸ் என்ற அக்கா தம்பி ஜோடி ஐம்பதுகளில் கொலம்பியா கம்பெனிக்காகப் பாடியதெல்லாம் தனித்தனி சிங்கிள்கள், நமக்குக் கிடைக்கும் தட்டுகள் பின்னால் யாரோ தொகுத்தவை. ஆனால் அந்தப் பையன் லாரி காலின்ஸ் இரட்டைக் கழுத்து கிதாரைத் தூக்கிக்கொண்டு குதிக்கும் பழைய டிவி காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆல்பம் தேடுவதை ஓரமாக வைத்துவிட்டு ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

சரி, எதை வைத்து ஒப்பிடுவது? ஒலிப்பதிவுத் தரம், பாடல் எண்ணிக்கை, விமர்சகர்கள் கொடுத்த நட்சத்திரம் எல்லாம் இங்கே பெரிதாக உதவாது. நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன்: இரண்டு குரல்களும் ஒன்றில் ஒன்று கரைந்துபோவதைக் கேட்க ஆசையா, இல்லை இரண்டு பேர் ஒரே பாட்டுக்குள் முட்டிக்கொள்வதைக் கேட்க ஆசையா? உடன்பிறந்தவர்கள் பாடினால் இரண்டில் ஒன்று நடக்கும். உங்கள் பதில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

கரைவது என்றால் என்னவென்று கொஞ்சம் விளக்கவேண்டும். நம் ஊரில் பாம்பே சிஸ்டர்ஸ், சூலமங்கலம் சகோதரிகள் பாடிக் கேட்ட காதுக்கு, இருவர் சேர்ந்து பாடுவது என்றால் ஒரே ஸ்வரத்தை ஒரே நேரத்தில் பிடிப்பது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் சகோதரப் பாட்டு வேறு மாதிரி. ஒருவர் மெட்டைப் பாடுவார், மற்றவர் பெரும்பாலும் அதற்கு மேலே, இடையில் ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்த ஸ்வரத்தில், அதே சொற்களை அதே கணத்தில் பாடிக்கொண்டே கூடவே நகர்வார். இதைத்தான் ஹார்மனி என்கிறார்கள். டான் எவர்லி கீழே, தம்பி ஃபில் மேலே. இதில் விசேஷம், ஃபில் பாடும் வரியைத் தனியாகப் பிரித்தெடுத்தாலும் அது ஒரு முழு மெட்டாக நிற்கும், ஒட்டுப்போட்ட மாதிரி இருக்காது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உயிரெழுத்தை இழுக்கும் விதம், சொல்லை முடிக்கும் இடம், மூச்சு வாங்கும் இடம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், வெளியாட்கள் வருஷக்கணக்காகப் பயிற்சி செய்தாலும் வராத ஒரு நெருக்கம் அவர்களுக்குச் சும்மா வந்துவிடுகிறது.

ஆல்பங்களுக்குப் போகும் முன், 'எதற்கு வம்பு, எவர்லி பிரதர்ஸ் ஹிட்ஸ் தொகுப்பு ஒன்றை வாங்கினால் போதாதா' என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'பை பை லவ்', 'வேக் அப் லிட்டில் சூசி', 'ஆல் ஐ ஹேவ் டு டூ இஸ் டிரீம்' எல்லாம் 1957, 58இல் கேடன்ஸ் என்ற சின்ன கம்பெனிக்காகப் பாடியவை. 1960இல் அவர்கள் வார்னர் பிரதர்ஸுக்குப் போய்விட்டார்கள். பழைய பதிவுகளின் உரிமை வார்னரிடம் இல்லை, அதனால் 1964இல் அந்தப் பழைய ஹிட்களைத் திரும்பப் பாடவைத்துப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். பல தொகுப்புகளில் இருப்பது இந்த இரண்டாவது பதிவுதான். கேட்க மோசமில்லை, ஆனால் முதல் பதிவில் இருக்கும் துடிப்பு அதில் இல்லை. தொகுப்பு வாங்குவதாக இருந்தால் அட்டையில் கேடன்ஸ் காலத்துப் பதிவா என்று பார்த்து வாங்குங்கள். தவிர, தொகுப்பு என்பது ஆல்பம் இல்லை, நாம் தேடுவது ஆல்பம்.

இப்போது 'சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்'. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இந்த வகையில் இவ்வளவு பிடிவாதமான ஆல்பம் வேறு கிடையாது. 1958 ஆகஸ்ட், நாஷ்வில். டானுக்கு 21 வயது, ஃபிலுக்கு 19. அமெரிக்க வானொலியில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்கள் பாட்டு. அந்த உச்சத்தில் நின்றுகொண்டு, டிரம்ஸ் இல்லை, மின்கிதார் இல்லை, டானின் அக்கூஸ்டிக் கிதாரும் ஒரு டபுள் பாஸும் மட்டும் வைத்துக்கொண்டு, அப்பா ஐக் எவர்லி சொல்லிக்கொடுத்த பழைய பாடல்கள் 12 பாடி வைத்தார்கள். ஐக் கென்டக்கியின் மியூலன்பர்க் மாவட்டத்துக்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், கட்டைவிரலால் கிதார் வாசிப்பதில் பெயர் எடுத்தவர். மெர்ல் டிராவிஸ் என்ற பெரிய கிதார்க்காரர் கற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். நாற்பதுகளில் அயோவா மாநிலத்தின் ஷெனன்டோவா ஊரில் குடும்பமாக வானொலியில் பாடியவர்கள் இவர்கள். பையன்களுக்கு இந்தப் பாடல்கள் பாடம் மாதிரி இல்லை, சாப்பாட்டு நேரத்துப் பேச்சு மாதிரி பழகியவை.

ஏன் அந்த நேரத்தில் இப்படி ஒரு ஆல்பம்? கேடன்ஸை விட்டுப் போகப்போகிறோம் என்று தெரிந்து, சிங்கிள்களாக உருவி விற்க முடியாத ஒரு ஆல்பமாகப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. வியாபாரத் தந்திரமாகவே இருக்கட்டும், பாடியதில் ஒரு இடத்திலும் ஏனோதானோ என்ற தொனி இல்லை.

பாடல்களின் பொருளைக் கேட்டால்தான் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 'டௌன் இன் தி வில்லோ கார்டன்' காதலியைக் கொன்று ஆற்றில் தள்ளியவன் தூக்குமேடைக்குப் போகும் முன் சொல்லும் கதை. 'புட் மை லிட்டில் ஷூஸ் அவே' சாகப்போகும் குழந்தை தன் அம்மாவிடம் பேசுவது. 'லைட்னிங் எக்ஸ்பிரஸ்' டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறிய சிறுவன், சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று கண்டக்டரிடம் கெஞ்சுவது. 'பார்பரா ஆலன்' இன்னும் பழசு, லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் 1666இல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்த பாட்டு. இவ்வளவையும் இரண்டு இளைஞர்கள் குரலை உயர்த்தாமல், அழாமல், செய்தி வாசிக்கிற நிதானத்தில் பாடுகிறார்கள். கொலைகாரனின் வாக்குமூலத்தை அத்தனை இனிமையான குரலில் கேட்கும்போது வரும் அசௌகரியம்தான் இந்த ஆல்பத்தின் ருசி. அது பிடிக்காதவர்களும் உண்டு. எல்லாம் ஒரே வேகம், ஒரே ஒலி, பக்கம் மாறினாலும் எதுவும் மாறவில்லை என்று புகார் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். 2013இல் கிரீன் டே என்ற ராக் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸும் சேர்ந்து இந்த ஆல்பத்தின் எல்லாப் பாடல்களையும் 'ஃபாரெவர்லி' என்ற பெயரில் மறுபடி பாடினார்கள். நல்ல உழைப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். நோராவும் பில்லியும் ஒருவரை ஒருவர் கவனித்துப் பாடுவது காதில் விழும். எவர்லிகளில் அந்தக் கவனிப்பே தெரியாது, ஒருவன் வாய் திறக்கும்போதே மற்றவனும் திறந்திருப்பான். உடன்பிறந்தவர்கள் என்பது பாட்டில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் நான் காட்டுவேன்.

ஆனால் நம் கேள்வியில் ராக் அண்ட் ரோல் என்ற சொல்லும் இருக்கிறதே. இந்த ஆல்பத்தில் வேர் இருக்கிறது, ரோல் இல்லை. காலை ஆட்டவைக்கும் பாட்டு தேடிவந்தவரிடம் இதைக் கொடுத்தால் மூன்றாவது பாட்டில் எழுந்து போய்விடுவார்.

அவருக்குத்தான் 'யூ ஆர் டிரீமிங்'. காக்டஸ் பிளாஸம்ஸ் ஆரம்பத்தில் பழைய கன்ட்ரி பாடல்களைத் தோண்டியெடுத்துப் பாடிக்கொண்டிருந்தவர்கள், செயின்ட் பால் நகரத்து டர்ஃப் கிளப்பில் வாராவாரம் மேடை ஏறிப் பழகியவர்கள். அதன்பிறகு சொந்தப் பாடல்கள். ஆல்பத்தைத் தயாரித்தவர் ஓக்லஹோமாவின் ஜே.டி. மெக்ஃபர்சன், ஐம்பதுகளின் ரிதம் அண்ட் புளூஸை இன்றைக்குப் புதுசாக வாசிக்கத் தெரிந்த ஆள். பதிவு சிகாகோவில், வெளியிட்டது செயின்ட் பாலின் ரெட் ஹவுஸ் ரெக்கார்ட்ஸ்.

பழைய மைக்கும் நாடாவும் வைத்துப் பதிவுசெய்தால் பழைய பாட்டு ஆகிவிடும் என்று நம்பும் கூட்டம் ஒன்று உண்டு, அந்தக் கூட்டத்தின் தட்டுகளை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. இந்த ஆல்பம் அந்த வகை இல்லை. 'ஸ்டாப்லைட் கிஸ்ஸஸ்' போட்ட உடனே தெரிந்துவிடும். டிரம்ஸ் லேசாக, ஆனால் விடாமல் தள்ளிக்கொண்டே போகிறது, மேலே இரண்டு குரல்கள் அவசரமே இல்லாமல் மிதக்கின்றன, அந்த வேகத்துக்கும் இந்த நிதானத்துக்கும் நடுவில் உண்டாகும் இழுபறிதான் பாட்டை நகர்த்துகிறது. ஐம்பதுகளின் நல்ல ராக் அண்ட் ரோல் எல்லாவற்றிலும் இதே சூத்திரம்தான், நிறையப் பேர் மெட்டை நகலெடுப்பார்கள், இதை விட்டுவிடுவார்கள். 'சேஞ்ச் யுவர் வேஸ் ஆர் டை' பெயருக்கேற்ற மாதிரி இருட்டானது. 'நோ மோர் கிரையிங் தி புளூஸ்' மட்டும் 1959இல் சன் கம்பெனியில் வேறு ஒரு ஜோடி பாடியது, அதையும் தங்கள் சொந்தப் பாட்டு மாதிரியே ஆக்கிவிட்டார்கள். 'மிஸிஸிப்பி' என்ற பாட்டை இயக்குநர் டேவிட் லிஞ்ச் 2017இல் வந்த 'ட்வின் பீக்ஸ்' தொடரின் மூன்றாவது பகுதியில் இவர்களையே மேடையில் நிறுத்திப் பாடவைத்தார். லிஞ்சின் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குரல்கள் அமையாது, இனிமையாக இருக்கும், ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

குறை? இருக்கிறது. எவர்லிகளின் நிழல் ரொம்பப் பெரியது, அதிலிருந்து வெளியே வர இவர்கள் அதிகம் முயலவும் இல்லை. கொலை இல்லை, தூக்குமேடை இல்லை, காதல் தோற்றதன் மெல்லிய வருத்தம்தான் பெரும்பாலும். நடுவில் இரண்டு மூன்று பாடல்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும், எது எது என்று எனக்கே சட்டென்று சொல்ல வராது. ஆனால் முதன்முறை கேட்பவருக்கு இது ஒரு குறையாகவே படாது. ஆல்பம் சின்னது, 11 பாடல்கள், ஒன்றும் இழுக்காது.

'ரூட்ஸ்' விஷயம் வேறு. 1968, பீட்டில்ஸ் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டு முடித்துவிட்ட காலம். எவர்லிகள் அமெரிக்காவில் பெரிய ஹிட் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. வார்னரின் இளம் தயாரிப்பாளர் லென்னி வாரொன்கர் இவர்களைப் பழைய வேருக்கே திருப்பிக் கூட்டிப்போனார், ஆனால் 1958 மாதிரி வெறும் கிதாரோடு இல்லை, அந்தக் காலத்து ராக் ஒலியோடு. ஆல்பம் தொடங்குவதே 1952இல் குடும்பமாக வானொலியில் பேசிப் பாடிய பழைய பதிவின் துண்டோடு. அப்பா அறிமுகம் செய்கிறார், பையன்கள் பாடுகிறார்கள், அங்கிருந்து அப்படியே மெர்ல் ஹேகார்டின் 'மாமா டிரைட்' வந்து விழுகிறது. ஜிம்மி ராட்ஜர்ஸின் 'டி ஃபார் டெக்ஸஸ்' பாடலை அடையாளமே தெரியாத அளவுக்கு முறுக்கியிருக்கிறார்கள். 'பை பை லவ்' சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த தங்கள் சொந்தப் பாட்டு 'ஐ வொண்டர் இஃப் ஐ கேர் ஆஸ் மச்' இங்கே மறுபடி வருகிறது, வேகம் குறைந்து, பத்து வருஷத்துக் களைப்போடு. அதே வருஷம் பேர்ட்ஸ் குழுவும் கன்ட்ரி ஆல்பம் ஒன்று போட்டுக் கன்ட்ரி ராக் என்ற வகைக்கே முன்னோடி என்று பேர் வாங்கிக்கொண்டது. 'ரூட்ஸ்' அப்போது விற்கவில்லை.

இசைக்காக மட்டும் என்றால் எவர்லிகளின் மிகச் சுவாரஸ்யமான ஆல்பம் இதுதான் என்று நான் சொல்வேன். ஆனால் முதல் ஆல்பமாகச் சொல்லமாட்டேன். இதில் கிடைக்கும் சந்தோஷத்தில் பாதி, முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்திருப்பதால் வருவது. பழைய எவர்லிகளைக் கேட்காதவருக்கு அந்த 1952 துண்டு வெறும் இரைச்சலான வானொலிப் பதிவு. ஐந்து வருஷம் கழித்து 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் மேடையில் ஃபில் கிதாரை உடைத்துவிட்டு வெளியேறியதும், 1983இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேரும் வரை பத்து வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து பாடாமல் இருந்ததும் தெரிந்தவருக்கு அதே துண்டு வேறு மாதிரி கேட்கும். அந்த மறுசேர்க்கைக்குப் பிறகு வந்த 'ஈபி 84' பற்றியும் கேட்பீர்கள். டேவ் எட்மண்ட்ஸ் தயாரிப்பு, பால் மெக்கார்ட்னி எழுதிக்கொடுத்த ஒரு பாட்டு, எல்லாம் மரியாதையாக இருக்கிறது, எண்பதுகளின் பளபளப்பு மேலே பூசியிருக்கிறது. அவசரமில்லை, பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது முட்டிக்கொள்ளும் கட்சி. ஆல்வின் சகோதரர்கள். இங்கே ஒரு சின்னக் குழப்பம்: எவர்லி வீட்டில் ஃபில் தம்பி, ஆல்வின் வீட்டில் ஃபில் அண்ணன், டேவ் தம்பி. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டௌனி என்ற ஊர். கார்ப்பென்டர்ஸ் என்ற இன்னொரு அண்ணன் தங்கை ஜோடியும் அங்கே வாழ்ந்தவர்கள்தான், இந்த இரண்டு வீட்டு இசையையும் ஒரே ஊர் எப்படித் தாங்கியது என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஆல்வின்கள் 1979இல் பிளாஸ்டர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். பங்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு பழைய ராக் அண்ட் ரோலையும் புளூஸையும் பங்க் வேகத்தில் வாசித்த குழு. பாட்டெழுதுவது டேவ், பாடுவது ஃபில், சண்டை போடுவது இரண்டு பேரும். எண்பதுகளின் நடுவில் டேவ் வெளியே போய்விட்டார். அவ்வப்போது மேடையில் சேர்வார்கள், ஸ்டுடியோவில் சேர்ந்து போட்ட ஆல்பம் என்று ஒன்றும் இல்லை.

2012இல் ஸ்பெயினில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது ஃபிலுக்குப் பல்லில் வந்த தொற்று முற்றிச் சாகும் நிலைக்குப் போய், மருத்துவர்கள் இழுத்துப் பிடித்து மீட்டார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆல்பம் போட்டார்கள். எதைப் பாடுவது? சண்டையே வராத ஒரு விஷயத்தை எடுத்தார்கள்: சிறுவயதில் இரண்டு பேரும் ஒரே மாதிரி பைத்தியமாக இருந்த பிக் பில் பிரூன்ஸியின் பாடல்கள். தெற்கிலிருந்து சிகாகோவுக்கு வந்து, இருபதுகளின் கடைசியிலிருந்து ஐம்பதுகள் வரை புளூஸின் பல முகங்களையும் பாடிப்பார்த்தவர் பிரூன்ஸி. அவர் இறந்தது 1958 ஆகஸ்டில், நாஷ்வில்லில் எவர்லிகள் அப்பாவின் பாடல்களைப் பதிவுசெய்துகொண்டிருந்த அதே மாதம். தற்செயல்தான், இருந்தாலும் இந்த இரண்டு ஆல்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

'காமன் கிரவுண்ட்' முதல் பாட்டு 'ஆல் பை மைசெல்ஃப்' கேட்டாலே இந்த ஆல்பத்தின் குணம் புரிந்துவிடும். நான் தனியாகவே எல்லாம் செய்துகொள்வேன் என்று பீற்றிக்கொள்ளும் பாட்டை அண்ணனும் தம்பியும் வரி மாற்றி வரி பாடுகிறார்கள். ஃபில் உச்சத்தில் முழங்குவார், டேவ் கீழே கரகரவென்று பேசுகிற மாதிரி பாடுவார். குரல்கள் கலக்கவே கலக்காது, கலக்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. கிதார் வாசிப்பு அபாரம், குறிப்பாக 'சாட்டர்டே நைட் ரப்' என்ற வாத்தியப் பாட்டு. 'சதர்ன் ஃப்ளட் புளூஸ்' முழு ராக் குழுவின் கனத்தோடு இறங்குகிறது. 57ஆவது கிராமி விருதுகளில் சிறந்த புளூஸ் ஆல்பத்துக்கான போட்டியில் இதுவும் இருந்தது. அடுத்த வருஷமே 'லாஸ்ட் டைம்' என்ற இரண்டாவது ஆல்பமும் போட்டார்கள், அதில் பிக் ஜோ டர்னர் பாடல்கள் அதிகம், நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒரே மனிதரின் பாடல்கள் என்ற கட்டு 'காமன் கிரவுண்டு'க்குக் கொடுக்கும் இறுக்கம் அதில் இல்லை.

இதை யாருக்குச் சொல்வேன்? கிதார் வாசிப்பவர்களுக்கு யோசிக்காமல். ஜெப்பலின், கிளாப்டன் கேட்டு வளர்ந்து அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று தேடுபவர்களுக்கும். ஹார்மனி என்ற சொல்லைக் கேட்டு இந்தக் கட்டுரைக்குள் வந்தவர்களுக்கு வேண்டாம், ஏமாற்றமாக இருக்கும்.

சீக்ரெட் சிஸ்டர்ஸ் பற்றிச் சுருக்கமாக. வாத்தியமே இல்லாமல் குரலால் மட்டும் பாடும் தேவாலயத்தில் வளர்ந்தவர்கள், அதனால் ஹார்மனியில் பிசிறே கிடையாது. டேவ் காப் தயாரிப்பு, நிர்வாகத் தயாரிப்பாளராக டி போன் பர்னெட் பெயரும் உண்டு, நாஷ்வில்லில் பழைய கருவிகளை வைத்துப் பதிவுசெய்தது. ஜார்ஜ் ஜோன்ஸ், பக் ஓவன்ஸ், பில் மன்ரோ, ஹேங்க் வில்லியம்ஸ் என்று பாடல் தேர்வு பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, அதுதான் என் சங்கடமும். ஃபிராங்க் சினாட்ராவும் மகள் நான்சியும் பாடிய காதல் பாட்டு 'சம்திங் ஸ்டுபிட்', ஏற்கெனவே அப்பாவும் மகளும் பாடியதால் ஒரு மாதிரியாக இருந்தது, அதை இங்கே அக்காவும் தங்கையும் பாடுகிறார்கள், அது ஏனென்று எனக்குப் புரியவில்லை. லாரா எழுதிய 'டென்னஸி மீ' மட்டும் தனித்துத் தெரிகிறது. இவர்களின் உண்மையான பலம் பின்னால் வந்தது. 2014இல் வந்த இரண்டாவது ஆல்பம் போகாமல், கம்பெனி கைவிட்டு, திவால் வரை போய், அதற்குப் பிறகு பிராண்டி கார்லைல் தயாரித்த 2017 ஆல்பம் 'யூ டோன்ட் ஓன் மீ எனிமோர்'. அதில் கோபம் இருக்கிறது, சொந்த வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் அது ராக் அண்ட் ரோல் வட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. முதல் ஆல்பத்தைப் பெண்குரல் ஹார்மனிதான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

ஆக, உண்மையான போட்டி 1958க்கும் 2016க்கும் நடுவில்தான். என் தேர்வு: முதலில் 'யூ ஆர் டிரீமிங்'. எவர்லிகளைவிட அது பெரிய ஆல்பம் என்பதால் இல்லை, நிச்சயமாக இல்லை. டிரம்ஸும் மின்கிதாரும் சேர்ந்த ஒலிக்குப் பழகிய நம் காது அந்த ஹார்மனியைப் பிடித்துக்கொள்ள அது நேரம் கொடுக்கிறது. வேலை செய்துகொண்டே கேட்கலாம், வண்டியில் போகும்போது கேட்கலாம், வீட்டில் யாரும் அணைக்கச் சொல்லமாட்டார்கள். இரண்டு குரல்களில் மேல் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேட்க எப்போது உங்களுக்கு வருகிறதோ, அப்போது 'சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்' எடுங்கள். அதற்குள் பாடல் வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும் பொறுமையும் வந்திருக்கும், அந்த ஆல்பத்துக்கு அது கட்டாயம் வேண்டும். மூன்றாவதாக 'ரூட்ஸ்'. 1958 ஆல்பத்தில் முழுப் பாட்டாக இருந்த 'கென்டக்கி' இதன் கடைசியில் ஒரு துணுக்காகத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே பழைய நாட்டுப்பாட்டு கேட்டுப் பழகியவர், ஜோன் பேயஸ் மாதிரி ஆட்களை ரசித்தவர் என்றால் வரிசையைத் திருப்பிப்போட்டு நேராக 1958க்கே போகலாம், நடுவில் பயிற்சி தேவையில்லை. புளூஸ் ஆட்கள் இந்த வரிசையையே மறந்துவிட்டு ஆல்வின்களிடம் போய்விடுங்கள்.

வாங்கும் விஷயம். ஐந்தையும் ஸ்ட்ரீமிங்கில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுக்குக் காசு போடவேண்டும். 1958 ஆல்பத்துக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும்: ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் யாரோ மலிவாக எல்பி அச்சடித்து விற்கிறார்கள், எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்றே அட்டையில் இருக்காது. இரண்டு குரல், ஒரு கிதார், ஒரு பாஸ் மட்டும் இருக்கும் பதிவில் மோசமான அச்சு உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூல நாடாவிலிருந்து எடுத்தது என்று தெளிவாகப் போட்டிருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு நல்ல சிடியே போதும். 'யூ ஆர் டிரீமிங்' எல்பியில் அந்தக் கவலை இல்லை.